திரைக்குள் மணியடித்தது யார்?

சனிக்கிழமை மாலை, காட்டுப்பாக்கத்தில் ஸ்ரீகாந்தின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இருந்தவர்கள்:

ஸ்ரீகாந்த். வாத்தியார். பச்சைத் திரைக்குப் பின்னால், மேசை மணியோடு.

புஷ்பா. தனியார் மருத்துவமனையில் நர்ஸ். முதல் நாற்காலி.

கிஷோர். ஃபோனில் ஃபிளாட் விற்பவன். வாயை மூடியதாகச் சாட்சி இல்லை.

பரத். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவன். நடுவில் ஒருமுறை எழுந்து பாத்ரூமுக்குப் போய்வந்தான். அதனால் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான்.

மாடியில் யாரும் இல்லை. வீட்டுக்காரர் ஜெயராமன் திருவேற்காடு கோயிலுக்குப் போயிருந்தார்.

பரத்தின் மனைவி ஜோதிகா இதையெல்லாம் ஒரு பிஸ்கட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். நெமிலிச்சேரியில் வீடு, எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்பத்தூரில் ஒரு செல்ஃபோன் கடை மாடியில் இருந்த கார்த்திகேசனின் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்தவள் அழவில்லை. உட்காரவும் இல்லை. உட்கார்ந்தால் நேரம் போய்விடும் என்பதுபோல நின்றபடியே சொன்னாள்.

ஜெயராமனின் பீரோவில் இருந்த நகைப்பெட்டி காணாமல் போயிருக்கிறது. நகைகள் அவருடைய தங்கை மங்களத்துடையவை. பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணனிடம் கொடுத்துவைத்திருந்தாள். காலிப் பெட்டி மட்டும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பாத்ரூமில், ஃபிளஷ் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது. வகுப்பு நேரத்தில் அங்கே போனவன் பரத் ஒருவன்தான். மற்ற இருவரும் நாற்காலியைவிட்டு எழவில்லை. வாத்தியார் மணியடித்துக்கொண்டே இருந்தார், எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். காலையில் வந்து பரத்தை அழைத்துப் போய்விட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆர் போட்டுவிடுவதாக எஸ்.ஐ. ராணி சொல்லியிருக்கிறார்.

"கேஸுனு ஒண்ணு எழுதிட்டா சிங்கப்பூரு அவ்ளோதான் சார்," என்றாள் ஜோதிகா. "விசா வந்துகீது. அதுக்கோசரம்தான் அந்த இங்கிலீஷே கத்துகினு இருந்தாரு. எடுத்திருந்தா நானே செருப்பால அடிப்பேன். எடுக்கல."

கார்த்திகேசன் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் வழக்கை ஏற்றுக்கொள்வதன் அடையாளம் அதுதான். மாப்பிள்ளை குடிக்கிறாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே காதல் உண்டா என்று விசாரித்தே தேய்ந்துபோன மனிதர். திருட்டு என்றதும் முகத்தில் ரத்தம் ஊறுவதை உதவியாளர் சுவேதா பார்த்தாள்.

சுவேதா அதற்கு முன் ஒரு கால் சென்டரில் இரவு வேலை பார்த்தவள். வருடம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டாள். அங்கே கற்றுக்கொண்டது இரண்டு: ஆங்கிலம், கோபத்தை விழுங்குவது. இரண்டாவது மறந்துவிட்டது.

"பாஸ், உங்க இங்கிலீஷை வெச்சுகிட்டு அந்த வகுப்புக்குப் போனா விசாரணைன்னு நம்ப மாட்டாங்க. அட்மிஷன் போட்டுடுவாங்க," என்றாள்.

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் கார்த்திகேசன்.

சுவேதாவின் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்தது. பூந்தமல்லி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து போரூர் பக்கம் போகும் பஸ். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் பஸ் நின்றது, இரண்டு அடித்தால் நகர்ந்தது. மெட்ரோ தூண்களுக்கு நடுவே நெரிந்த அந்த ரோட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கார்த்திகேசன் கம்பியைப் பிடித்தபடி தூங்கினார்.

காட்டுப்பாக்கத்தில் இறங்கி, சந்து முனையில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனிடம் வழி கேட்டார்கள். சின்னசாமி என்று பெயர். பிளாஸ்டிக் நாற்காலியைச் சந்துப் பக்கமாகப் போட்டு, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தார்.

"இங்கிலீஷ் கிளாஸா? அதோ ரோஸ் பெயிண்ட்டு. கண்டக்டர் ஊடு," என்று கை நீட்டினார். "நேத்து திருடு போனதுக்கா வந்துகிறீங்க? நான் இங்கயேதான் குந்திகினு இருந்தேன். ஒருத்தனும் என்னை ஒரு வார்த்தை கேக்கல."

அவரிடம் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

வகுப்பறை ஒரு காலத்தில் கார் நிறுத்தும் இடமாக இருந்திருக்க வேண்டும். நான்கு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. பின்சுவரை ஒட்டிக் கூரையிலிருந்து தரைவரை, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிக் கட்டுவதுபோல ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் ஒரு மேசை, நாற்காலி, தலையில் தட்டினால் டிங் என்று ஒலிக்கும் மணி. அதற்கும் பின்னால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் பக்கவாட்டு நடை; வாசல் வழியாகச் சுற்றியும் அங்கே வரலாம், மாணவர்கள் போய்வருவது அப்படித்தான். அங்கேதான் மாடிப்படியும் அதன் கீழே பாத்ரூமும்.

ஸ்ரீகாந்த் தன் முறையைப் பெருமையாக விளக்கினார். நாற்பது வயதில் ஆங்கிலம் பேச வருகிறவனுக்குப் பயம் ஆங்கிலத்தைப் பார்த்து வருவதில்லை, எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்து வருகிறது. முகத்தை எடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அதனால் பாடம் நடத்தியதும் அவர் திரைக்குப் பின்னால் போய்விடுவார். போனபின் ஒரு வார்த்தை பேசமாட்டார். மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரையைப் பார்த்துப் பேச வேண்டும். தவறு வந்தால் ஒரு மணி. சரியாகும்வரை மாற்றிச் சொல்ல வேண்டும். மணி இல்லையென்றால் சரி.

கார்த்திகேசன் தலையாட்டிவிட்டுத் தன்னை முறையாக அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"ஐ ஆம் டிடெக்டிவ்."

டிங்.

"எ டிடெக்டிவ்," என்றார் ஸ்ரீகாந்த். பிறகு தன் கையைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். பழக்கம், தூக்கத்தில்கூடக் கை தட்டுகிறது என்று மனைவி திட்டுவாளாம்.

"பாஸ், முதல் மணி வாங்கிட்டீங்க," என்றாள் சுவேதா மெதுவாக.

சனிக்கிழமை நடந்ததை வாத்தியார் வரிசையாகச் சொன்னார். பாடம், நடந்து முடிந்ததைப் பற்றி வருத்தப்படுவது. செய்திருக்க வேண்டும், செய்திருக்கலாம், செய்திருக்க முடியும். ஷுட், மே, குட். பாடம் முடிந்து திரைக்குப் பின்னால் போனவர், வகுப்பு முடியும்வரை நாற்காலியிலேயே இருந்தார். மணியே சாட்சி. பரத் நல்ல பையன்தான், ஆனால் வறுமை யாரை விட்டது என்று பெருமூச்சு விட்டார். பெருமூச்சு சற்று நீளமாக இருந்ததாக சுவேதாவுக்குப் பட்டது.

வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. புஷ்பா மட்டும் முன்னதாகவே வந்து, வாசல்படியில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இரவு ட்யூட்டி முடித்துச் சரியாகத் தூங்காமல் வந்தவள். சுவேதா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரவு வேலையின் கண் இன்னொரு இரவு வேலைக் கண்ணுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் இருவரும் மேற்பார்வையாளர்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை என்ன வாக்கியம் சொன்னீர்கள் என்று சுவேதா கேட்டாள். புஷ்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

"ஐ மஸ்ட் டோல்ட் த டாக்டர் யெஸ்டர்டே."

சுவேதா கண்ணை மூடித் திறந்தாள். கால் சென்டரில் இதைச் சொல்லியிருந்தால் பயிற்சியாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்திருப்பார். இதைச் சொல்லிக்கொடுத்தது வாத்தியாரா என்று கேட்டாள்.

"மணிதாங்க சொல்லிக்கொடுத்துச்சு. நான் முதல்ல 'ஐ ஷுட் ஹேவ் டோல்ட் த டாக்டர்'னுதான் சொன்னேன். அதைத்தான் போன வாரமும் சொன்னேன், அப்ப மணி இல்ல. நேத்து ரெண்டு மணி. ரொம்பத் தப்பு போலன்னு பயந்து மாத்துனேன். மறுபடியும் ரெண்டு மணி. பரத் பாத்ரூம் போய்ட்டு வந்தப்புறம் மூணாவதா இது. ஒருவழியா விட்டுட்டாரு."

முதலில் சொன்னதுதான் சரி என்று சுவேதா சொன்னாள். புஷ்பா நம்பவில்லை. மணியைவிடப் பெரியவளா நீ என்பதுபோலப் பார்த்தாள்.

பின்னால் நின்ற கார்த்திகேசன் ஒன்றுதான் கேட்டார். "எப்பவும் ரெண்டு மணி அடிப்பாரா?"

இல்லை, நேற்றுத்தான் என்றாள் புஷ்பா. சுவேதாவுக்கு அந்தக் கேள்வி அனாவசியமாகப் பட்டது. சரியான வாக்கியத்துக்கு மணி ஏன் அடித்தது என்று அவள் மண்டை ஓடிக்கொண்டிருந்தது. இவர் எத்தனை மணி என்று எண்ணுகிறார்.

அதற்குள் கிஷோர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். கேட்காமலே பேச ஆரம்பித்தான். சனிக்கிழமை தன் வாழ்க்கையிலேயே சிறந்த நாளாம். ஆரம்பத்தில் அவனுக்கும் இரண்டு இரண்டாக மணி வந்திருக்கிறது. சபாஷ் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். பரத் பாத்ரூமிலிருந்து திரும்பி வந்தபின் மறுபடி அவன் முறை. அப்போது பேசிய பேச்சுக்கு மணியே இல்லை. ஒன்றுகூட இல்லை. இஷ்டத்துக்குப் பேசியிருக்கிறான்.

"எங்க, அதுல கொஞ்சம் எடுத்துவிடுங்க," என்றாள் சுவேதா.

"யெஸ்டர்டே ஐ வில் கோ டு பூந்தமல்லி," என்று தொடங்கினான் கிஷோர். "த கஸ்டமர் இஸ் கேன் பை த ஃபிளாட். பட் ஹிஸ் ஒய்ஃப் ஷுட் நாட் ஆஸ்கிங் த கார் பார்க்கிங்."

"இதுக்கு மணி இல்லையா?"

"இல்ல மேடம். பிராமிஸா. வாத்தியார் அசந்துட்டார்னு நெனைக்கிறேன்."

"அசந்திருந்தா விழுந்த சத்தம் கேட்டிருக்குமே," என்றாள் சுவேதா.

கார்த்திகேசன் அவளைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். நடந்தபடியே சுவேதா கொட்டினாள். சரியாகப் பேசினவளுக்கு மணி, உளறினவனுக்கு மௌனம். வணக்கம் சொன்னாலே தப்பு கண்டுபிடித்துத் தட்டுகிற கை அது. கிஷோரின் வாக்கியத்தைக் கேட்டும் சும்மா இருக்க வேண்டுமென்றால் அந்தக் கையைக் கட்டிப் போட்டிருக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை திரைக்குப் பின்னால் இருந்தது வாத்தியார் இல்லை. இங்கிலீஷே தெரியாத யாரோ. அந்த யாரோவும் பரத் திரும்பி வந்தபின் கொஞ்ச நேரம் அங்கே இல்லை.

"அப்ப பெட்டி பாத்ரூமுக்குப் போனது பரத் வந்ததுக்கு அப்புறம்," என்றார் கார்த்திகேசன்.

"பரத் போறதுக்காகக் காத்துகிட்டு இருந்திருக்கான். அவன் போகலைன்னா கிஷோர். வகுப்புன்னு இருந்தா யாராவது ஒருத்தன் பாத்ரூம் போவான் பாஸ்."

சந்து முனையில் சின்னசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து வரவேற்றார். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். சனிக்கிழமை சாயங்காலம் கண்டக்டர் பூக்கூடையோடு கோயிலுக்குப் போனதைப் பார்த்தார். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. பின்பக்கச் சந்திலும் ஒரு வழி உண்டு. பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் வாத்தியார் ஸ்கூட்டரில் வெளியே போனார்.

சுவேதா நின்றாள். "கிளாஸ் நடக்கும்போதா?"

"நடக்கும்போதுதான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிகினு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினாரு. வண்டிய தெரியாதா எனக்கு? வாரா வாரம் சனிக்கிழமை அதே கூத்துதான். பூந்தமல்லி பக்கம் போவும், கிளாஸ் முடியறதுக்குள்ள திரும்பி வரும்."

இதை ஏன் போலீஸிடம் சொல்லவில்லை என்று கார்த்திகேசன் கேட்டார். கேட்டால்தானே சொல்வதற்கு என்றார் சின்னசாமி. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

பூந்தமல்லி என்றதும் சுவேதா ஃபோனை எடுத்தாள். அந்தப் பக்கத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரம் ஒட்டாத மின்கம்பம் கிடையாது. ஸ்ரீகாந்தின் பெயரைச் சொல்லாமல் சொல்லிக் கேலி செய்யும் ஒரு போட்டி மையம் அங்கே இருந்தது: "திரைக்குப் பின்னால் ஒளியாத ஆசிரியர்கள்." அதன் இணையப் பக்கத்தில் சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பின் வீடியோ கிடைத்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு சிறப்பு விருந்தினர், ஷுட், மே, குட் என்று மோடல் வெர்ப்ஸை ஒரே மாலையில் மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து தப்பாகப் பேசினாள். விருந்தினரின் வலது உள்ளங்கை தானாக எழுந்து, எதிரே இல்லாத ஒரு மணியின் தலையில் தட்டியது.

"முகத்தை மறைச்சவர் கையை மறைக்கலையே," என்றாள் சுவேதா.

வீடியோவைப் பார்த்ததும் ஸ்ரீகாந்த் வெள்ளைப் பலகையில் சாய்ந்தார். எழுதியிருந்த பாடத்தில் பாதி அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒப்புக்கொண்டார். இங்கே வரும் மூன்று பேரை வைத்து வாடகை கொடுக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் எதிரியின் கடையில் வேலை. மற்ற சனிக்கிழமைகளில் மாணவர்களை மௌனமாக எழுதவைத்துவிட்டுப் போவார். இந்த வாரம் பேச்சுப் பயிற்சி, மணியடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஒருவரை உட்கார வைத்துவிட்டுப் போனார்.

யார் என்று கார்த்திகேசன் கேட்டார். ஸ்ரீகாந்த் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னால் நாளைக்கே தெருவில் நிற்பேன் என்றார். எவ்வளவு கேட்டும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

சுவேதாவுக்குக் கோபத்தை விழுங்க வரவில்லை. "நேத்து நீங்க என்ன பாடம் சார் நடத்துனீங்க? செஞ்சிருக்கணும், சொல்லியிருக்கணும். பாடம் நடத்திட்டு, ஒருத்தன் உள்ள போறதைப் பார்த்துகிட்டு நிக்கிறீங்க. அவன் பொண்டாட்டி காலைல இருந்து ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறா."

ஸ்ரீகாந்த் திரையை விலக்கிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கை மேசைமேல் இருந்தது. இந்த முறை தட்டவில்லை.

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. சொன்னபடியே எஸ்.ஐ. ராணி வந்துவிட்டார், புகாரில் கையெழுத்து வாங்க ஜெயராமனை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக. கார்த்திகேசன் வெளியே வந்து, கண்டுபிடித்ததைச் சொன்னார். ராணி பொறுமையாகக் கேட்டார். வாத்தியார் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான், சரி. அவன் யார் என்று தெரியாமல் பரத்தை விட முடியாது. மணியடித்தவன் என்று எழுதினால் மாஜிஸ்திரேட் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றார்.

ஜெயராமன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் அழியாத குங்குமம். தங்கை நாளை ஊரிலிருந்து வருகிறாள், அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ராணியிடம் புலம்பினார். சுவேதாவைப் பார்த்து, சின்னப் பெண்ணை எல்லாம் இந்த மாதிரி வேலைக்கு அனுப்புகிறார்களே என்றும் வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் கைதேர்ந்தவர்.

"அனுப்பலை சார், நானே வர்றேன். பஸ்ல," என்றாள் சுவேதா.

சந்து குறுகல். ஜீப்பைத் திருப்ப முடியாது, பின்னால் எடுத்துக்கொண்டேதான் போக வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் கிஷோரின் பைக். டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தடுமாறினார். ஜெயராமன் தானாகவே வண்டியின் பக்கவாட்டுக்குப் போய்விட்டார். வரலாம், வரலாம் என்று கையசைத்தார். பைக்கை நெருங்கியதும் ஜீப்பின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. டிரைவர் நிறுத்தினார். கிஷோர் ஓடிவந்து பைக்கை நகர்த்தினான். தகரத்தில் இரண்டு தட்டு. டிரைவர் நகர்த்தினார். சாக்கடை ஓரம் ஒரு தட்டு; நின்றது. சக்கரம் திரும்பியதும் இரண்டு, போனது.

வாசல்படியில் புஷ்பா எழுந்து நின்றுவிட்டாள். அவள் வாய் அசைந்தது. தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகேசனுக்குப் பஸ்ஸில் கலைந்த தூக்கம் இப்போதுதான் முழுதாகத் தெளிந்தது என்று சுவேதா பின்னால் எல்லோரிடமும் சொன்னாள். அந்த நேரத்தில் அவளுக்கும் பொறி தட்டியது. கண்டக்டர் வீடு. வந்து இறங்கியதும் காதில் விழுந்தது. கேட்டுவிட்டு அப்படியே நடந்து போய்விட்டாள்.

கார்த்திகேசன் ஜெயராமனின் தோளில் கை வைத்தார்.

"எந்த டிப்போ சார்?"

"ஐயப்பன்தாங்கல்," என்றார் ஜெயராமன். பெருமையாகவே சொன்னார். "ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம். ஏன்?"

"ஒண்ணுன்னா நிறுத்து. ரெண்டுன்னா ரைட், போலாம். சரிதானே?"

"சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

"புஷ்பாவுக்குத் தெரியலையே சார். அந்தப் பொண்ணு திக்காம, அழகாப் பேசிச்சு. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா திக்கலைன்னு தெரிஞ்சுது. ரைட் கொடுத்தீங்க. அது ரெண்டு தப்புன்னு நெனச்சு, சரியா இருந்ததை உடைச்சு வெச்சிருக்கு."

ஜெயராமனின் கை இன்னும் ஜீப் தகரத்தின் மேல் இருந்தது. சூடுபட்டதுபோல எடுத்தார். கோயிலுக்குப் போன மனிதனிடம் என்ன உளறுகிறாய் என்று அதட்டினார். குங்குமத்தைத் தொட்டுக் காட்டினார். ராணி டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.

அப்போதுதான் ஸ்ரீகாந்த் வெளியே வந்தார். முதுகில் பாதிப் பாடத்தோடு.

"இவரைத்தான் மேடம் உட்கார வெச்சேன்," என்றார். "முழங்கால் வலி, கோயிலுக்குப் போகலை, ஆனா ஊர்ல போறதா சொல்லிட்டேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னார். திக்கினா ஒரு தட்டு தட்டுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். காலைல, நீ வாயைத் திறந்தா நான் ரூமைப் பூட்டிடுவேன்னார்."

 சின்னசாமி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான்கு எட்டு முன்னால் வந்து போட்டுக்கொண்டார்.

ஜெயராமன் தளரவில்லை. ஓட்டுநர்கள், செக்கிங் இன்ஸ்பெக்டர்கள், சில்லறை கேட்டுச் சண்டை போட்டவர்கள் என்று முப்பது வருடம் பார்த்த வாய். உட்கார்ந்தேன், இப்ப என்ன என்றார். வாடகைக்காரனுக்கு ஒரு உதவி செய்தது குற்றமா? "என் ஊட்ல நானே திருடுவேனா? கேக்கறவன் சிரிப்பான்."

"வீடு உங்களுது. நகை உங்க தங்கச்சியுது," என்றார் கார்த்திகேசன். "அவங்க நாளைக்கு வந்து கேப்பாங்க. நேத்து திருடு போகலைன்னா, நாளைக்கு நீங்க எடுத்துக் கொடுக்கணும். கொடுக்க உங்ககிட்ட எப்ப இருந்து நகை இல்லை?"

ராணி இரண்டடி முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. பூந்தமல்லியிலிருந்து போரூர் வரை எத்தனை அடகுக் கடை இருக்கிறது என்று தனக்குத் தெரியும், ஒவ்வொன்றாக இவர் போட்டோவோடு ஏறி இறங்கத் தனக்குக் கஷ்டமில்லை, ஆனால் தங்கைக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றார். எது வசதி என்று கேட்டார்.

ஜெயராமன் சந்தின் முனையைப் பார்த்தார். திரும்பி வீட்டைப் பார்த்தார். பிறகு ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். கடையின் பெயரைச் சொன்னபோது குரல் மட்டும் வந்தது, முகம் நிமிரவில்லை.

"திரை மறைவு நல்ல இடம்னு நெனச்சேன்," என்றார். "யாரும் பார்க்க மாட்டாங்க. எல்லாரும் வாத்தியார்னு சத்தியம் பண்ணுவாங்க."

"பண்ணினாங்க," என்றாள் சுவேதா. "மணி மேல அவ்வளவு பக்தி."

ஸ்டேஷனில் பரத் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். சட்டை கசங்கியிருந்தது, முகம் அதைவிட. ஜோதிகா வாசலிலேயே நின்றாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. காலையில் சாப்பிட்டியா என்று கேட்டாள். பதில் வரும் முன்பே, வண்டிச் சாவி எங்கே என்று கேட்டாள். பிறகு முந்தானையால் அவன் சட்டைக் காலரைத் துடைத்தாள், அங்கே எதுவும் ஒட்டியிராதபோதும்.

ராணி விஷயத்தைச் சொன்னார்: கேஸ் இல்லை, எதிலும் பெயர் இல்லை, போகலாம். பரத் கேட்டுக்கொண்டான். போவதற்கு முன் சுவேதாவிடம் தயங்கித் தயங்கி வந்தான்.

"மேடம், இங்க உக்காந்துகினு காலைலருந்து ஒண்ணுதான் யோசிச்சுகினு இருந்தேன். நேத்து நான் 'ஐ குட் நாட் ஸ்லீப் லாஸ்ட் நைட்'னேன். திரைல ஒரு மணி. அது தப்பா?"

"திக்குனீங்களா?"

"நடுவுல கொஞ்சம்."

"அதுக்குத்தான் மணி. வாக்கியம் சரி. அப்படியே சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போங்க."

பரத் முதன்முறையாகச் சிரித்தான். ஜோதிகா அவனை முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்த சுவேதா ஏதாவது நக்கலாகச் சொல்லத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. கார்த்திகேசன் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்து குப்பைக்கூடையில் போட்டார். வழக்கை முடித்ததன் அடையாளம்.

பின்னால் ஜெயராமனை அழைத்துவந்தார்கள். வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார். லாக்கப்பின் வாசலில் ஒரு நொடி நின்று, பழக்கதோஷத்தில் படிக்கட்டு உயரம் பார்ப்பவர்போலக் கீழே பார்த்துவிட்டு, தலை குனிந்து உள்ளே ஏறினார். உள்ளே உட்கார இடம் இருந்தது. வேறு யாரும் இல்லை.

ராணி கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினார். பிறகு உள்ளங்கையால் பூட்டை ஒரே ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.